வினைச்சொல் கடைசியில் வரும் ஊர்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால்தான் என்னைத் துருக்கிக்கு அனுப்பினார்கள். போய் இறங்கியபோது அங்கே யாருக்கும் இங்கிலீஷ் தெரியவில்லை.

அண்ணன் காளிமுத்து சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன். மெர்சின் என்கிற துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது கப்பலின் அடித்தளத்தில் விழுந்து வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது. கப்பல் அவனை அந்த ஊர் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் போய்விட்டது. மூன்று வாரம் கழித்து வீட்டுக்குத் தந்தி வந்தது. நோயாளி ஆபரேஷனுக்கு மறுக்கிறார், உறவினர் ஒருவர் உடனே வரவும் என்று.

காரைக்கால் பக்கம் விழிதியூரில் எங்கள் தெருவில் அந்தத் தந்தியைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அறுப்புக்கும் நடவுக்கும் போகிற குடும்பம் எங்களுடையது. அதில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்பகரத்தூரில் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

"பொட்டப்புள்ளய ஒத்தையில ஏரோப்ளேன்ல அனுப்புறதா?" என்று பெரியப்பா கேட்டார்.

"அப்ப நீங்க போறீங்களா? போயி அங்க என்ன பேசுவீங்க?" என்றாள் அம்மா.

என்னிடம் தனியாகச் சொன்னாள்: "கத்திக்குப் பயந்துகிட்டு கெடக்கான். எப்புடியாவது சம்மதிக்க வை. இல்லன்னா காலம்பூரா நொண்டிக்கிட்டு நிப்பான். அவன் கப்பலேறுனது யாருக்காகன்னு ஒனக்குத் தெரியும்."

தெரியும். நான் காலேஜில் சேர்ந்த வருடம்தான் அவன் கப்பலேறினான். மூன்றாம் வகுப்போடு நின்றவன்.

எல்லை தாண்டுவது எனக்குப் புதிதல்ல. பூவத்தைத் தாண்டினாலே எங்களுக்கு வேறு மாநிலம்; போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறி, சாராய பாட்டில் இருக்கிறதா என்று பைகளை அமுக்கிப் பார்ப்பார். துருக்கியில் அந்த வேலையைச் சிப்பாய்கள் செய்தார்கள். அங்கே அப்போது ராணுவ ஆட்சி; ஒவ்வொரு பஸ் நிலையத்திலும் துப்பாக்கியோடு இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் என் பையிலிருந்த ஊறுகாய் பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டு, தும்மித் தும்மி என்னைக் கையாலேயே போகச் சொன்னான்.

ஏரோப்ளேன் இறங்கிய ஊரிலிருந்து மெர்சினுக்குப் பகல் முழுக்கப் பஸ். அங்கே தெரியாத பெண்ணை ஆணின் பக்கத்தில் உட்காரவைக்க மாட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பஸ்ஸும் நம் பஸ்ஸும் ஒன்று. எனக்குப் பக்கத்தில் ஐம்பது வயது அம்மாள் ஒருவர், தலையில் பூப்போட்ட துணி, மடியில் ஒரு கூடை ஆப்பிள். பெயர் எமினே. காரைக்காலில் ஆமினா என்கிற பெயர்தான் அங்கே இப்படி ஆகியிருக்கிறது. கண்டக்டர் ஒரு பாட்டிலோடு வந்து எல்லார் கையிலும் எலுமிச்சை வாசனைத் தண்ணீர் ஊற்றினார். குடிப்பதா கழுவுவதா என்று தெரியாமல் நான் கையை ஏந்தியபடி இருந்தேன். எமினே என் இரண்டு கையையும் பிடித்து, பிள்ளைக்குச் செய்வதுபோல ஒன்றோடொன்று தேய்த்துவிட்டார்.

வழியில் வாங்கிய இங்கிலீஷ் - துருக்கி கைப்புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. தாகமாக இருந்தது. புத்தகத்தில் சொற்களைத் தேடி, இங்கிலீஷ் வரிசையிலேயே அடுக்கினேன். பென் இஸ்தியொரும் சு. நான், விரும்புகிறேன், தண்ணீர்.

எமினே சிரித்தார். காற்றில் இரண்டு சொற்களைக் கையால் எடுத்து இடம் மாற்றி வைத்தார். "பென் சு இஸ்தியொரும்."

நான் தண்ணீர் விரும்புகிறேன்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த வரிசை எனக்குத் தெரியும். இதை மறக்கத்தான் நான் அத்தனை வருடம் பாடுபட்டேன். இங்கிலீஷ் கற்பது என்பதே எங்களுக்கு, வாக்கியத்தின் வாலில் இருக்கிற வினைச்சொல்லைப் பிடுங்கி நடுவில் கொண்டுபோய் நடுவதுதானே. பிடுங்கி நட்ட கையோடு இவ்வளவு தூரம் வந்தால், இங்கே அது பழைய இடத்திலேயே இருக்கிறது.

அதன்பிறகு தமிழில் நினைத்துத் துருக்கியில் சொல் தேடினேன். வண்டி சும்மா ஓடியது. எவ் என்றால் வீடு. எவ்லெர், வீடுகள். எவ்லெரிமிஸ், எங்கள் வீடுகள். எவ்லெரிமிஸ்தென், எங்கள் வீடுகளிலிருந்து. இங்கிலீஷில் மூன்று சொல் வரிசையில் நிற்கும். இங்கே எல்லாம் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிக்கொண்டு ஒரே சொல்லாகப் போகும். கேள்வி கேட்க இங்கிலீஷ்காரர் வாக்கியத்தையே புரட்டிப் போடுவார். இவர்கள் கடைசியில் ஒரு 'மு' அல்லது 'மி' வைக்கிறார்கள். கெலியொர் மு? வருதா? அவ்வளவுதான். அந்த 'மு'வும் 'மி'யும் முன்னே வரும் உயிரெழுத்தின் சாயலைப் பார்த்து மாறும். வீடு என்றால் எவ்லெர், அறை என்றால் ஒடாலர். முன்னால் போகிறவர் எப்படி வாய் திறக்கிறாரோ, பின்னால் வருகிறவரும் அப்படியே. இது மட்டும் தமிழிலும் இல்லை, இங்கிலீஷிலும் இல்லை. எமினே என் தப்பைத் திருத்தும்போதெல்லாம் தாளம் போடுவதுபோல என் முழங்காலில் தட்டினார்.

டீ வந்தபோது அவர் கேட்டார்: "சாய் மாய்?"

டீ கீ வேணுமா என்கிறார்! எந்த இங்கிலீஷ் புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித்தந்ததில்லை. குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஊரை விட்டு வந்த மூன்று நாளில் முதல்முறையாக அழுகை வந்தது.

மத்தியானம் சாப்பிட நிறுத்தினார்கள். பருப்பு சூப்பும் ரொட்டியும், கூடவே உப்புப் போட்ட மோர். அதை அய்ரான் என்கிறார்கள். நான் மூன்று டம்ளர் குடித்தேன். வெளியே வந்தால் ஒரே மாதிரி ஏழெட்டுப் பஸ்கள். ஒரு டிரைவரிடம் "மெர்சின்?" என்றேன். அவர் முகவாயைச் சட்டென்று மேலே தூக்கினார். நம் ஊரில் அப்படித் தூக்கினால் 'என்ன?' என்று அர்த்தம். காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று உரக்க, "மெர்சின்!" என்றேன். மறுபடி தூக்கினார். மூன்றாவது முறையும் தூக்கியபோது எனக்குக் கோபம் வந்து, பேசாமல் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நிமிடம் ஓடியிருக்கும். பின்னாலிருந்து விடாமல் ஹாரன். எங்கள் பஸ் துரத்திக்கொண்டு வருகிறது. முன் கண்ணாடிக்குப் பின்னால் எமினே, டிரைவரின் தோளில் அடித்துக்கொண்டே நிற்கிறார். இறங்கி மாறியதும் எனக்கு நல்ல திட்டு. திட்டில் பாதி புரிந்தது. முகவாயை மேலே தூக்கினால் இந்த ஊரில் 'இல்லை'யாம். அந்த டிரைவர் மூன்று தடவை 'இல்லை, இல்லை, இல்லை' என்று சொல்லியிருக்கிறார். பஸ்ஸில் இருந்த எல்லாரும் எனக்கு அதைச் செய்துகாட்டினார்கள்.

மெர்சினில் எமினே என்னை விடுதிக்கு விடவில்லை. "தெய்ஸென் வார்" என்றார். உனக்கு ஒரு தெய்ஸெ இருக்கிறாள் என்று. தெய்ஸெ என்றால் அம்மாவின் உடன்பிறந்தவள். அப்பாவின் உடன்பிறந்தவளுக்கு வேறு சொல். பெரியம்மாவையும் அத்தையையும் ஒரே 'ஆன்ட்டி'யில் அடைத்துவிடுகிற இங்கிலீஷை என் வகுப்புப் பிள்ளைகள் ஒருநாளும் நம்பியதில்லை. அந்த ராத்திரி முதல் எனக்கு மெர்சினில் ஒரு பெரியம்மா.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி. அண்ணன் ஜன்னலோரக் கட்டிலில், காலில் கல் கட்டித் தொங்கவிட்டு, பாதி உடம்பாகக் கிடந்தான். "அண்ணே!" என்று ஓடினேன். வார்டில் இருந்த ஆண்கள் அத்தனைபேரும் வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் மொழியில் அது அம்மாவைக் கூப்பிடுவது.

"நீயா வந்த? அப்பா வல்லியா?"

"அப்பா வந்து என்ன பேசுவாரு?"

"ஆமா, நீ மட்டும் பேசிக் கிழிச்சுடுவ."

அந்தக் கிண்டல் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்ணே இப்புடி அடம் புடிக்கிற? ஆபரேஷன் வேணாம்னு சொன்னியாமுல்ல?"

அண்ணன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "யாரு சொன்னா? மொத வாரமே சரின்னுட்டேன். ரெண்டாந்தரம் கேட்டாரு, அப்பவும் சரின்னேன். அவங்கதான் செய்ய மாட்டேங்கறாங்க. கூலிக்காரப் பய, எப்புடிப் போனா என்னன்னு விட்டுட்டாங்க போல."

பயத்தை மறைக்கப் பொய் சொல்கிறான் என்றுதான் நினைத்தேன். அப்போது பெரிய டாக்டர் வந்தார். நரைத்த மீசை, களைத்த கண். அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும். ஆனால் துருக்கியில் அவன், அவள், அது மூன்றுக்கும் 'ஒ' என்று ஒரே சொல்தான் என்பதால், இங்கிலீஷில் எது வாயில் வருகிறதோ அதைப் போட்டுவிடுவார். அவர் சொன்னதை அப்படியே தமிழாக்கினால் இப்படி இருக்கும்: "உங்கள் அண்ணன், அவள் வேண்டாம் என்கிறாள். இரண்டு தடவை கேட்டேன். எலும்பு கோணலாக ஒட்டுகிறது. இன்னும் ஒரு வாரம், பிறகு என்னால் முடியாது. அவள் நொண்டி ஆவாள்."

அண்ணன் பொய் சொல்கிறானா, டாக்டர் பொய் சொல்கிறாரா? "என் முன்னால் இன்னொரு தடவை கேளுங்கள்" என்றேன்.

டாக்டர் கட்டிலருகே குனிந்தார். காலைத் தொட்டார், கத்தியால் கீறுவதுபோலக் காட்டினார், தைப்பதுபோலக் காட்டினார், மெதுவாகத் துருக்கியில் கேட்டார். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, வாயை மூடியபடி, பணிவாகத் தலையை ஆட்டினான். நாம் எல்லாரும் ஆட்டுவோமே, இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்குமாக, அப்படி.

டாக்டர் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். "பாருங்கள். மூன்றாவது தடவை."

முந்தின நாள் மட்டும் நான் தப்புப் பஸ் ஏறியிருக்காவிட்டால் எனக்கு அது புரிந்திருக்காது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டின. இங்கிலீஷில் விளக்கத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் வாயில் வந்தது இது:

"பிஸ்தெ பு எவெத்!"

எங்க ஊர்ல இது ஆமாம். இங்கிலீஷில் இதைச் சொல்ல நடுவில் ஒரு 'இஸ்' வேண்டும். தமிழுக்கும் வேண்டாம், துருக்கிக்கும் வேண்டாம். மூன்று சொல். அண்ணனைப்போல நானும் தலையை ஆட்டிக் காட்டி மறுபடி சொன்னேன். "பிஸ்தெ பு எவெத்!"

டாக்டர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெல்லத் தன் தலையை அப்படி ஆட்டிப் பார்த்தார். எதிர்க் கட்டில்காரர் ஆட்டினார். நர்ஸ் ஆட்டினாள். வார்டு முழுக்கத் தலைகள் ஆடின, ஒரே சிரிப்பு. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, ஐந்து வாரம், ஐந்து வாரம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவர் போனதும் நான் வெடித்தேன். "கப்பல்ல 'எஸ் சார், எஸ் சார்'னு சொல்றல்ல? இவருகிட்ட வாயத் தொறந்து ஒரு 'எஸ்' சொல்லப்படாதா?"

"மேஸ்திரிகிட்ட சொல்றது வேற. இவரு பெரிய டாக்டரு, உசுரக் கையில வச்சிருக்கிறவரு. அவரு கேக்கறப்ப எதுத்தாப்புல வாயத் தொறக்கறதா? மிராசு வாசல்ல நின்னு நம்ம அப்பா என்னைக்காவது வாயத் தொறந்து 'சரி'ன்னிருக்காரா? தலையாட்டிட்டு வருவாரு. அதான மருவாத."

எங்கள் வீட்டில் பெரிய மனிதர்கள் முன்னால் வாயைத் திறக்கப் படித்தவள் நான் ஒருத்திதான். அந்தப் படிப்புக்காகக் கப்பலேறியவன் அவன்.

மறுநாள் சம்மதக் கடிதம் வந்தது. முழுப் பக்கம், துருக்கியில். நான் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போடப் போனேன்.

"என்ன எழுதியிருக்கு?" என்றான் அண்ணன்.

"ஆபரேஷனுக்குச் சம்மதம்னுதான் இருக்கும்."

"இருக்குமா? என் காலுடி அது. படிச்சுச் சொல்லு."

எனக்குப் படிக்க வரும், அர்த்தம் தெரியாது. துருக்கி எழுத்தும் இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் ஒழுங்கானது. எழுதியதை அப்படியே படிக்கலாம், இங்கிலீஷைப்போல ஊமை எழுத்து கிடையாது. கூட வந்திருந்த எமினே தெய்ஸெவிடம் தாளை நீட்டினேன். அவர் தாளை வாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார், தான் பள்ளிக்கூடம் போனதில்லை என்று.

தாளை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். பிறகு நான் உரக்கப் படிக்க ஆரம்பித்தேன். என் வகுப்பில் ஒரு பையன் அர்த்தமே தெரியாமல் இங்கிலீஷ் பாடத்தைக் கத்திப் படிப்பானே, அதேபோல. ஒரு வாக்கியம் நான் படிப்பேன். தெய்ஸெ கேட்டு, எனக்குத் தெரிந்த சின்னச் சொற்களாக உடைத்து, கையால் நடித்துக் காட்டுவார். நான் அதைத் தமிழில் அண்ணனுக்குச் சொல்வேன். மயக்க மருந்து. ஒட்டிய எலும்பை மறுபடி உடைப்பது. உள்ளே இரும்புத் தகடு. ஒரு வாக்கியத்தில் தெய்ஸெ தயங்கினார். எழுந்து நின்று, ஒரு கால் சற்றுக் குட்டையானதுபோல அறையில் நடந்து காட்டினார்.

"கால் சரியா வராமலும் போகலாமாம்ணே."

"உசுரு?"

அதுவும் ஒரு வாக்கியத்தில் இருந்தது. சொன்னேன்.

அண்ணன் தொங்கிய காலை ஒருமுறை பார்த்தான். பிறகு கையை நீட்டினான். "பேனாவைக் குடு."

"நான் போடறேன்ணே, கீழ உறவுக்காரங்களுக்குன்னு எடம் இருக்கு."

"நீ ஒன் எடத்துல போடு. மேல நான்." காளிமுத்து என்று தமிழில், எழுத்தெழுத்தாக, கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஏறி இறங்கி எழுதினான். கீழே நான் இங்கிலீஷில் ஒரே சுழிப்பில் போட்டேன். இரண்டையும் பார்க்க எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

ஆபரேஷன் காலையில் தொடங்கிப் பிற்பகல் வரை நடந்தது. வராந்தாவில் போவோர் வருவோரெல்லாம் "கெச்மிஷ் ஒல்சுன்" என்றார்கள். கடந்து போகட்டும் என்று அர்த்தம். நோயாளியின் வீட்டாரிடம் சொல்ல இங்கிலீஷில் இதற்கு நேரான சொல் எனக்குத் தெரியாது. தெய்ஸெ திராட்சை இலையில் சோறு பொதிந்து கொண்டுவந்திருந்தார். எனக்கு இறங்கவில்லை. அவர் தன் பையிலிருந்து ஒரு கட்டுக் கடிதம் எடுத்தார். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகள் எழுதியவை. இதுவரை பக்கத்து வீட்டுக்காரர் படித்துச் சொல்வாராம். கூச்சத்தில் எதையும் இரண்டாம்தடவை படிக்கச் சொல்ல மாட்டாராம்.

படித்தேன். ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு தடவை, சில வரிகளை நாலு தடவை. எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் புரிந்தது. அவர் ஓரிடத்தில் சிரித்தார், ஓரிடத்தில் தலைத்துணியால் முகத்தை மூடிக்கொண்டார். உள்ளே அண்ணனை உடைத்து ஒட்டிக்கொண்டிருந்த அத்தனை மணிநேரமும் நான் ஒரு பெண் தன் அம்மாவிடம் சொன்னதை என் வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று நினைத்தாலும் அந்த வராந்தாவின் டெட்டால் வாசனையும், மேலும் மேலும் நீளுகிற அந்தச் சொற்களும் சேர்ந்துதான் வருகின்றன. அந்தக் கடிதங்களில் என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

டாக்டர் வெளியே வந்து, ஒன்றும் பேசாமல், எங்களைப்போலத் தலையை ஆட்டினார்.

அதன்பிறகு மெர்சினில் ஏழு வாரம். காலையில் ஆஸ்பத்திரி, மாலையில் தெய்ஸெவோடு சந்தை. காய்கறிக்காரர்கள் என்னைப் பார்த்ததும் வெளிநாட்டுக்காரி என்று ஜெர்மனில் பேசுவார்கள். நான் துருக்கியில் பதில் சொன்னால் கூடுதலாக ஒரு கத்தரிக்காய் விழும். சாப்பிட்டு முடித்ததும் சமைத்தவரிடம் "எலினிஸெ ஸாலிக்" என்று சொல்லவேண்டும், உங்கள் கைக்கு ஆரோக்கியம் என்று. ஊருக்கு வந்தபிறகு ஒருநாள் பழக்கதோஷத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அங்க போயி என்னத்தையோ தின்னுட்டு வந்து ஒளறுறா" என்றாள். காரைக்காலில் எனக்கு அந்த மொழி பேச ஆளில்லை. நாலு வருடமாகிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் வாய் தானாக முணுமுணுக்கும்: எவ், எவ்லெர், எவ்லெரிமிஸ்.

அண்ணன் முதலில் இரண்டு கட்டை, பிறகு ஒரு கட்டை, பிறகு சுவர். அவனும் துருக்கி பேசினான், என்னைவிட வேகமாக. அவனுக்கு மறக்க இங்கிலீஷ் இல்லை. வார்டில் அவன் சொல்கிற கதைக்கு நாலு கட்டில் சிரிக்கும். என்னால் அவர்களை ஒரு தடவைகூடச் சிரிக்கவைக்க முடிந்ததில்லை.

"நீ இலக்கணம் பாத்துப் பேசுற. எவன் சிரிப்பான்?" என்றான்.

கிளம்பும் நாள் தெய்ஸெ வீட்டிலிருந்து புறப்பட்டோம். சந்து சரிவாக இறங்கி, கார் நிற்கும் பெரிய சாலையில் முடியும். கட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டான். நான் தோள் கொடுக்கப் போனதற்கு, "தள்ளி வா, தெருவே பாக்குது" என்றான். பத்தடி போயிருப்போம். முதுகுக்குப் பின்னால் சளாரென்று சத்தம். திரும்பினால், தெய்ஸெ ஒரு குடம் தண்ணீரை வாசலிலிருந்து எங்கள் பின்னாலேயே கொட்டிவிட்டு நிற்கிறார்.

நான் சட்டென்று நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் ஒருவர் பயணம் கிளம்பியபின் வாசலில் தண்ணீர் கொட்டவே மாட்டார்கள். பிணம் போனபிறகுதான் அப்படிக் கழுவி விடுவது. அதுவும் இவன் காலோடு, இந்தச் சரிவில்.

"தண்ணி மாரி தடையில்லாம போயி, தண்ணி மாரி திரும்பி வாங்கன்னு ஊத்துறாங்க. எதிர்க் கட்டில்காரரு சொல்லியிருக்காரு" என்றான் அண்ணன். "பேசாம நட."

தண்ணீர் சரிவில் எங்களை முந்திக்கொண்டு ஓடியது. கல் பாவிய தரை பளபளத்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவன் ஒன்றையும் பிடிக்கவில்லை. வலது காலை ஈரத்தில் வைத்தான், முழு உடம்பையும் அதன்மேல் ஏற்றினான், இடதை எடுத்தான். மறுபடி வலது.

ஈரம் முடிந்து உலர்ந்த கல் வந்த இடத்தில் நான் நின்று பார்த்தேன். அவன் செருப்புத் தடங்கள் கார்வரை வரிசையாக இருந்தன. வலது தடம் சற்று வெளியே திரும்பியிருந்தது. ஆனால் குதிகாலிலிருந்து விரல்வரை முழுசாக விழுந்திருந்தது. வெயிலில் அது காய்கிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் நான் காரில் ஏறினேன்.